பன்னிரண்டாவது ஆளின் எட்டு நிமிடம்

வாசகர் கேள்வி: மேடம், நான் திருநெல்வேலிப் பக்கம் ஒரு கல்லூரியில் வேதியியல் உதவிப் பேராசிரியர். அடுத்த மாதம் சென்னையில் நடக்கும் ஒரு தேசியக் கருத்தரங்கில் குறும்பேச்சு அமர்வு ஒன்றுக்குத் தலைமை தாங்கச் சொல்லியிருக்கிறார்கள். காலை 11.20 முதல் 1 மணி வரை. பன்னிரண்டு பேர். ஆளுக்கு 6 நிமிடப் பேச்சு, 2 நிமிடக் கேள்வி. பெரும்பாலும் பிஎச்.டி. மாணவர்கள்தான். ஆனால் ஐந்தாவதாகப் பேசப்போகிறவர் எம்.எஸ்சி.யில் எனக்குப் பாடம் நடத்திய பேராசிரியர். மைக் கிடைத்தால் அரை மணி நேரம் பேசுவார். அவரை எப்படி நிறுத்துவது? யாரும் கேள்வி கேட்காவிட்டால் என்ன செய்வது? இதுவரை எந்த அமர்வுக்கும் நான் தலைமை தாங்கியதில்லை. மறுத்துவிடலாமா என்றுகூட யோசிக்கிறேன்.

அன்புள்ள தங்கைக்கு,

மறுக்காதீர்கள். உங்கள் கடிதத்தைப் படித்தபோது எனக்கு ஒன்று தெளிவாகத் தெரிந்தது. நடக்கப்போகிற சிக்கல் எங்கே வரும் என்பது உங்களுக்கு ஒரு மாதம் முன்பே தெரிந்திருக்கிறது. தலைமை நாற்காலியில் உட்காருகிற பலருக்கு அது அமர்வு பாதி முடிந்த பிறகுதான் தெரியும்.

முதலில் உட்கார்ந்து ஒரு கணக்குப் போடுங்கள். பன்னிரண்டு எட்டு தொண்ணூற்றாறு. உங்களிடம் இருப்பது நூறு நிமிடம். நாலு நிமிடம் மிச்சம் இருப்பது போலத் தோன்றும். ஒருவர் இறங்கி, அடுத்தவர் ஏறி, பென் டிரைவைச் செருகி, ஃபைலைத் தேடி எடுத்து, “ஸ்லைடு தெரியுதா?” என்று கேட்டுத் தொடங்க 40 வினாடி என்று வையுங்கள். பதினோரு முறை ஆள் மாறவேண்டும். 7 நிமிடம் 20 வினாடி போய்விட்டது. யாரும் ஒரு வினாடிகூட இழுக்காமலேயே உங்களுக்கு மூன்று நிமிடத்துக்கு மேல் கடன். இதோடு ஆளுக்கு ஒரே ஒரு நிமிடம் கூடுதலாகப் பேசட்டும். 12.48க்குத் தொடங்கவேண்டிய பன்னிரண்டாவது ஆள் மைக்கைப் பிடிக்கும்போது மணி 1.06. வெளியே தட்டுச் சத்தம் கேட்கும், சாம்பார் வாசனை உள்ளே வரும், பின்வரிசை காலியாகியிருக்கும்.

அந்தப் பன்னிரண்டாவது ஆள் யார் என்று பார்த்தீர்களா? நிகழ்ச்சி நிரலை எடுத்துப் பாருங்கள். அநேகமாக அது ஒரு மாணவராகத்தான் இருக்கும்.

எனக்கு அப்படி ஒருத்தியை மறக்கமுடியவில்லை. எனக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். ஆளுக்குப் பத்து நிமிடம் என்று வைத்திருந்த ஓர் அமர்வில் தலைமை. துறையில் எல்லோரும் மதிக்கும் ஒரு பெரியவர் பத்தொன்பது நிமிடம் பேசினார். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன், தலையைக் குனிந்துகொண்டேன், மறுபடி கடிகாரத்தைப் பார்த்தேன். வாய் திறக்கவில்லை. கடைசியாகப் பேசவேண்டியவள் இரவு பஸ் பிடித்து வந்திருந்த ஒரு முதலாண்டு ஆய்வு மாணவி. பென் டிரைவில் பிளாஸ்திரி ஒட்டி, நீலப் பேனாவால் தன் பெயரை எழுதியிருந்தாள். அவள் மேடையேறியபோது நான் சொன்னேன்: “ரெண்டு நிமிஷத்துல முடிச்சிடும்மா.” அந்தப் பெரியவரிடம் சொல்ல வராத வார்த்தை அவளிடம் எவ்வளவு சுலபமாக வந்தது என்பது இன்றைக்கும் என்னை உறுத்துகிறது. அவள் நிறமாலை வரைபடங்களை ஒவ்வொன்றாகத் தாண்டினாள். தாண்டத் தாண்டத் திரையில் அவளுடைய ஆறு மாத வேலை மின்னி மறைந்தது. முடிவுரை ஸ்லைடுக்கு வந்து, நாலு வரி வாசித்து, நன்றி சொல்லி இறங்கினாள். யாரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பென் டிரைவைக் கழற்றும்போது அவள் கை நடுங்கியது.

பெரியவர்களை நிறுத்துவது மரியாதைக் குறைவு என்று நம்மை வளர்த்திருக்கிறார்கள். அந்த வளர்ப்பில் எனக்குக் குறையொன்றும் இல்லை. ஆனால் உங்கள் சார் கூடுதலாக எடுக்கும் ஒவ்வொரு நிமிடமும் அந்தப் பிள்ளையின் கணக்கிலிருந்துதான் போகும், வேறெங்கிருந்தும் வராது. அந்த நிமிடங்களுக்குக் காவல் இருக்கத்தான் உங்களைக் கூப்பிட்டிருக்கிறார்கள். இதை மனதில் உறுதியாக வைத்துக்கொண்டால் அவர் முன்னால் எழுந்து நிற்கும்போது கால் தடுமாறாது.

இனி உங்கள் சாரிடம் வருவோம். மேடையில் அவரை நிறுத்துவதைப் பற்றி மட்டும் நீங்கள் யோசிக்கிறீர்கள். வேலையில் பாதியை அதற்கு முன்பே முடித்துவிடலாம். நேரில் போய்ப் பாருங்கள், போன் வேண்டாம். ஒளிவுமறைவில்லாமல் சொல்லுங்கள்: “சார், என் செஷன்ல ஆளுக்கு ஆறு நிமிஷம்தான் குடுத்திருக்காங்க. உங்களுக்கு அப்புறம் ஏழு பேர் பேசணும். அஞ்சாவது நிமிஷம் மஞ்சள் அட்டை காட்டுவேன். ஆறாவது நிமிஷம் நான் எழுந்து நிப்பேன். நீங்க கரெக்டா முடிச்சிட்டீங்கன்னா அப்புறம் ஒருத்தரும் இழுக்கமாட்டாங்க சார்.” இதில் பொய் ஒன்றும் இல்லை. மூத்தவர் ஒருவர் நேரத்தில் முடித்தால் இளையவர்கள் தானாக அடங்குவார்கள். தன் மாணவி தலைமை தாங்குகிறாள் என்ற பெருமையும் அவருக்கு இருக்கும். அந்தப் பெருமையின் மேல் நம்பிக்கை வையுங்கள்.

இன்னொன்றும் கேளுங்கள்: “மத்த பிள்ளைங்க பேசினதும் நீங்க ஒண்ணு ரெண்டு கேள்வி கேக்கணும் சார்.” பேச ஆசைப்படுகிற மூத்தவருக்கு அமர்வு முழுக்க ஒரு வேலை கிடைக்கும். நாற்பது வருட அனுபவமுள்ளவரின் ஒரு நல்ல கேள்வி ஒரு மாணவனின் ஆய்வையே திருப்பிவிடும், அதையும் பார்த்திருக்கிறேன்.

ஆறு நிமிடத்தில் என்ன சொல்ல முடியும் என்று அவர் கேட்கலாம். நிறையச் சொல்லலாம். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகம் 2008இல் தொடங்கிய ஆய்வுரைப் போட்டியில் மொத்தமே மூன்று நிமிடம், அசையாத ஒரே ஸ்லைடு. மூன்று நிமிடத்தைத் தாண்டினால் போட்டியிலிருந்தே நீக்கிவிடுவார்கள். மூன்று, நான்கு வருட பிஎச்.டி. வேலையை அதற்குள் சொல்கிறார்கள். அமெரிக்க இயற்பியல் கழகத்தின் மார்ச் மாநாட்டில் சாதாரணப் பேச்சுக்கு 10 நிமிடமும் கேள்விக்கு 2 நிமிடமும் என்பது நெடுநாள் வழக்கம். 1914 ஜனவரியில் கல்கத்தாவில் முதல் இந்திய அறிவியல் மாநாடு கூடியபோது வந்தவர்கள் 105 பேர், படித்த கட்டுரைகள் 35. அந்த மாநாடு தோன்றக் காரணமான இருவரில் ஒருவரான சைமன்சன், நம் சென்னை மாநிலக் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர். இன்று நடுத்தரமான ஒரு கருத்தரங்குக்கே நூற்றுக்கணக்கில் ஆய்வுச் சுருக்கங்கள் வருகின்றன. அத்தனை பேருக்கும் மேடை தரவேண்டுமென்றால் நேரம் சுருங்கத்தான் செய்யும். அது எனக்கு நல்லதாகவே படுகிறது. மேடையே கிடைக்காமல் இருந்த பிள்ளைகளுக்கு இப்போது ஆறு நிமிடமாவது கிடைக்கிறது.

அப்படியும் உங்கள் சார் அன்றைக்கு இழுத்துவிட்டால்? ஆறாவது நிமிடம் எழுந்து நில்லுங்கள். ஒன்றும் சொல்லவேண்டாம், அவர் பார்வையில் படும்படி நின்றால் போதும். அரை நிமிடம் ஆனதும் மேடைப் பக்கம் இரண்டடி வையுங்கள். அவர் மூச்சு வாங்கும் இடத்தில், ஒரு வாக்கியம் முடியும் இடத்தில், உங்கள் மைக்கில் சொல்லுங்கள்: “சார், கடைசி ஸ்லைடுக்குப் போயிடலாமா?” ஏழரை நிமிடம் வரை போனால் “ரொம்ப நன்றி சார்” என்று சொல்லி நீங்களே கைதட்டத் தொடங்குங்கள். சபை சேர்ந்துகொள்ளும். அவருக்குரிய கேள்வி நேரத்தை அவரே பேசித் தீர்த்துவிட்டார், அதனால் கேள்வி கிடையாது, அடுத்தவரைக் கூப்பிடுங்கள். மன்னிப்புக் கேட்கவேண்டாம், சிரித்துக் குழையவும் வேண்டாம். உங்களுக்கென்று தனி மைக் இருக்கவேண்டும் என்று ஏற்பாட்டாளர்களிடம் இப்போதே எழுதிக் கேளுங்கள். போடியத்தில் ஒரே மைக் இருந்து அது அவர் கையில் இருந்தால் உங்களால் ஒன்றும் செய்யமுடியாது.

இது செல்லுபடியாக வேண்டுமென்றால் முதல் நாலு பேரிடமும் இதையே செய்திருக்கவேண்டும். முதலில் பேசுகிறவர் ஆறு நிமிடம் இருபது வினாடிக்குப் போனாலும் எழுந்து நில்லுங்கள். முதல் பேச்சில் நீங்கள் விட்டுக்கொடுத்தால் அறை முழுவதும் அதைக் குறித்துக்கொள்ளும். ஐந்தாவது ஆளிடம் மட்டும் கறாராக இருந்தால் அவரைக் குறிவைத்தது போல ஆகிவிடும். தொடங்குமுன் எல்லோருக்கும் பொதுவாக ஒருமுறை விதியைச் சொல்லிவிடுங்கள், இருபது வினாடி ஆகும்.

ஸ்லைடு மாற்றும் நேரத்தை அன்று காலையிலேயே பாதிக்கும் கீழே குறைத்துவிடலாம். பன்னிரண்டு பேருக்கும் ஒரு வாரம் முன்பே மின்னஞ்சல் போடுங்கள்: ஸ்லைடுகளை முந்தின நாளே அனுப்புங்கள், கூடவே ஒரு பிடிஎஃப் நகலும் வையுங்கள், சொந்த லேப்டாப் வேண்டாம். எல்லாவற்றையும் அறையில் உள்ள ஒரே கணினியில் ஏற்றி, ஃபைல் பெயரின் முன்னால் 01, 02 என்று வரிசை எண் போடுங்கள். காலையில் அரை மணி முன்னதாகப் போய் ஒவ்வொன்றையும் அந்தத் திரையிலேயே திறந்து பாருங்கள். ஓடாத வீடியோவும், கட்டமாக மாறிப்போன கிரேக்க எழுத்தும் அப்போதே தெரிந்துவிடும். ஒரு மாணவத் தொண்டரைக் கணினிப் பக்கம் உட்காரவையுங்கள். அடுத்துப் பேசுகிறவர் எப்போதும் முன்வரிசை ஓர நாற்காலியில் இருக்கவேண்டும். கடைசிக் கேள்விக்குப் பதில் ஓடிக்கொண்டிருக்கும்போதே அடுத்தவரின் ஃபைலைத் தயாராக வைக்கச் சொல்லுங்கள். மாற்றத்துக்குப் பதினைந்து வினாடிக்கு மேல் ஆகாது.

நம் ஊர் வழக்கம் ஒன்றைப் பற்றியும் சொல்லவேண்டும். அமர்வுத் தலைவருக்குப் பொன்னாடை, மெமென்டோ, உங்கள் வாழ்க்கைக் குறிப்பை ஒருவர் முழுப் பக்கம் வாசிப்பது, பிறகு நீங்கள் தலைமையுரை ஆற்றுவது. இலக்கியக் கூட்டத்தில் இதற்கெல்லாம் இடம் உண்டு. நூறு நிமிடத்தில் பன்னிரண்டு பேர் பேசவேண்டிய அமர்வில் இது பத்து நிமிடத்தைத் தின்றுவிடும். ஏற்பாட்டாளர்களிடம் முன்கூட்டியே பேசி, பொன்னாடையும் சர்டிபிகேட்டும் சாயங்கால நிறைவு விழாவில் மொத்தமாக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பேச்சாளரை அறிமுகம் செய்யப் பெயர், நிறுவனம், தலைப்பு மூன்றும் போதும்.

ஆனால் அந்தப் பெயரைச் சரியாகச் சொல்லுங்கள். மணிப்பூர், மிசோரம் மாணவர்கள் வந்தால் முன்பே கேட்டு, உங்களுக்குப் புரிகிற மாதிரி தமிழில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நம் பிள்ளைகள் வெளியூரில் படும் பாடு உங்களுக்குத் தெரியும்: தலைப்பெழுத்தை விரித்து, அப்பா பெயரைச் சொல்லி மேடைக்குக் கூப்பிடுவார்கள், பிள்ளை தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கும். அது நம் மேடையில் யாருக்கும் நடக்கக்கூடாது.

கேள்வி வராவிட்டால் என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். பன்னிரண்டு ஆய்வுச் சுருக்கங்களையும் முந்தைய வாரமே படித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு கேள்வி எழுதி வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் படிப்பைக் காட்டுகிற கேள்வியாக அது இருக்கவேண்டாம். “இந்த வினையூக்கியை எத்தனை முறை திரும்பப் பயன்படுத்திப் பார்த்தீர்கள்?”, “ஏன் எத்தனாலைத் தேர்ந்தெடுத்தீர்கள்?” என்பது போல, வேலை செய்தவருக்கு மட்டும் பதில் தெரிந்த கேள்வியாகக் கேளுங்கள். அப்படிக் கேட்டால் பயந்து நின்ற பிள்ளையும் நிமிர்ந்து பதில் சொல்லும். ஆனால் அவசரப்பட்டு உடனே கேட்டுவிடாதீர்கள். பேச்சு முடிந்ததும் மனதுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். நம் பிள்ளைகள் கை தூக்க யோசிப்பார்கள், அந்த ஐந்து வினாடி அவர்களுக்காக.

பல கைகள் தூக்கினால் முதல் வாய்ப்பை ஒரு மாணவிக்கோ இளையவருக்கோ கொடுங்கள். இதற்குக் காரணம் இருக்கிறது. 2018இல் வெளிவந்த ஓர் ஆய்வில், 10 நாடுகளில் 35 நிறுவனங்களில் நடந்த 247 துறைக் கருத்தரங்குகளில் உட்கார்ந்து யார் கேள்வி கேட்கிறார்கள் என்று எண்ணினார்கள். வந்திருந்தவர்களின் எண்ணிக்கையைக் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகும், ஆண்கள் கேள்வி கேட்கும் வாய்ப்பு பெண்களைப்போல் இரண்டரை மடங்கு. முதல் கேள்வியை ஓர் ஆண் கேட்ட கூட்டங்களில் பெண்களின் கேள்விகள் இன்னும் குறைவாக இருந்தன. முதல் கையை யாருக்குக் காட்டுவது என்பது தலைவர் ஒருவர் கையில்தான் இருக்கிறது.

சிலர் கேள்வி என்று எழுந்து சொற்பொழிவு நடத்துவார்கள். “சார், கேள்வி?” என்ற ஒற்றைச் சொல்லோடு குறுக்கிடுங்கள். ஒரு மாணவரை யாராவது மடக்கிக் குத்தத் தொடங்கினால் உடனே உள்ளே புகவேண்டும். “நல்ல விவாதம், சாப்பாட்டு நேரத்தில் தொடருங்கள்” என்று வெட்டிவிடலாம். வெட்டுமுன் அந்த மாணவருக்கு ஒரு வாக்கியம் பதில் சொல்ல வாய்ப்புக் கொடுங்கள். குற்றம் சொன்னவரின் குரலோடு ஒரு பேச்சு முடியக்கூடாது.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குப் பின்னால் நம் எல்லோருக்கும் தெரிந்த ஒரு மனிதரின் கதை இருக்கிறது. சைமன்சன் பாடம் நடத்திய அதே மாநிலக் கல்லூரியில் பிற்பாடு படித்தவர் வானியற்பியலாளர் சுப்பிரமணியன் சந்திரசேகர். 1935 ஜனவரி 11, லண்டன் ராயல் வானியல் கழகக் கூட்டம். அவருக்கு வயது 24. வெள்ளைக் குறுமீன்களின், அதாவது எரிபொருள் தீர்ந்து சுருங்கிப்போன விண்மீன்களின், நிறைக்கு ஓர் உச்சவரம்பு உண்டு என்ற தன் கணக்கை எடுத்துச் சொன்னார். அடுத்துப் பேச எழுந்த எடிங்டன், அன்றைய வானியலின் பெரிய பெயர், அதை எல்லோர் முன்னாலும் எள்ளி நகையாடினார். தலைமையில் இருந்தவர் சந்திரசேகருக்குப் பதில் சொல்ல வாய்ப்புக் கொடுக்கவில்லை. அதே ஆண்டு பாரிஸில் சர்வதேச வானியல் ஒன்றியக் கூட்டம். எடிங்டன் மறுபடியும் அதே எதிர்ப்பு. தலைமையில் அமெரிக்க வானியலாளர் ஹென்றி நாரிஸ் ரஸ்ஸல். பதில் சொல்ல விரும்புகிறேன் என்று சந்திரசேகர் ஒரு சீட்டு எழுதி அனுப்பினார். வேண்டாம் என்றே விரும்புகிறேன் என்று ரஸ்ஸலிடமிருந்து திரும்பச் சீட்டு வந்தது. அந்த உச்சவரம்பு இன்று சந்திரசேகர் பெயரால்தான் வழங்குகிறது, 1983இல் நோபல் பரிசும் வந்தது. ஆனால் அந்த இரண்டு நாட்களிலும் தலைமை நாற்காலியில் இருந்தவர்களுக்கு ஆகியிருக்கக்கூடிய செலவு இரண்டே நிமிடம்தான். அதைக்கூட அந்த இளைஞருக்குக் கொடுக்கவில்லை. நீங்கள் கொடுங்கள்.

மொழியைப் பற்றியும் ஒன்று. வேலையை நன்றாகச் செய்துவிட்டு ஆங்கிலத்தில் கேள்வி புரியாமல் விழிக்கிற பிள்ளைகள் நம் கல்லூரிகளிலிருந்து வருவார்கள். கேள்வியை நீங்கள் எளிய சொற்களில் திருப்பிச் சொல்லுங்கள். அறையில் மைக் சரியாக எட்டாதவர்களுக்கும் அது உதவும். அப்படியும் திணறினால், “தமிழ்ல சொல்லுங்க, நான் இங்கிலீஷ்ல சொல்றேன்” என்று பக்கத்தில் போய் நில்லுங்கள். சென்னையில் நடக்கிற கருத்தரங்கில் இதைச் செய்ய யாரிடமும் அனுமதி கேட்கவேண்டியதில்லை.

ஒருவர் வராமல் போனால் அடுத்தவரை முன்னால் இழுக்காதீர்கள். பக்கத்து அறையில் இன்னோர் அமர்வு நடந்துகொண்டிருக்கும். 12.24 பேச்சைக் கேட்க ஒருவர் 12.24க்குத்தான் கதவைத் திறப்பார். கிடைத்த எட்டு நிமிடத்தை, அதுவரை பேசியவர்களிடம் கேட்க விடுபட்ட கேள்விகளுக்குக் கொடுங்கள். வெளியிடாத முடிவுகளைக் காட்டுகிறவர்கள் ஸ்லைடைப் படமெடுக்கவேண்டாம் என்று நினைக்கலாம், அதையும் அந்த மின்னஞ்சலிலேயே கேட்டுவைத்து, அவர் பேசுமுன் அறிவித்துவிடுங்கள்.

அட்டைகளை நீங்களே செய்துகொண்டு போங்கள். ஏ4 அட்டை இரண்டு, மஞ்சள் ஒன்று, சிவப்பு ஒன்று, கடைசி வரிசையிலிருந்து படிக்கிற அளவுக்கு எழுத்து. போனில் டைமர் ஓடட்டும், ஆனால் போனை ஏரோப்பிளேன் மோடில் போட்டுவிடுங்கள், நடுவில் அழைப்பு வந்தால் திரையில் நேரம் மறைந்துவிடும். தண்ணீர் பாட்டில் ஒன்று. பன்னிரண்டு பெயரும் நேரமும் எழுதிய ஒரே தாள். ஒவ்வொருவரும் உண்மையில் எப்போது தொடங்கினார்கள் என்று அதன் ஓரத்தில் குறித்துக்கொண்டே வாருங்கள். எவ்வளவு பின்தங்கியிருக்கிறீர்கள் என்று நினைவை நம்பாமல் தாளைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம்.

சாரைப் பார்க்கப் போவதைத் தள்ளிப் போடாதீர்கள், இந்த வாரமே போங்கள். போகும்போது பென் டிரைவ் கொண்டுபோங்கள். ஸ்லைடு தயாராக இருந்தால் அங்கேயே வாங்கிக்கொள்ளலாம். இருபத்தைந்து ஸ்லைடு வைத்திருந்தால், எதையெதை எடுக்கலாம் என்று அவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டு வாருங்கள்.